வானத்தை வினவிய அறிஞர் அபூ ரைஹான் அல்பிரூனி (ரஹ்)



ஆண்டு மலர்களில் இமாம்கள், இறைநேசச் செல்வர்கள் ஆகியோரின் வரலாறுகள் இடம்பெறுவது வழக்கம். இம்முறை வானியலிலும் கணிதத்திலும் தம் ஆயுளைச் செலவிட்ட ஒரு முஸ்லிம் அறிஞரின் வாழ்வை எடுத்துக்கொண்டுள்ளோம். அதற்குக் காரணம் உண்டு. ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் வந்து நிற்கும் கல்லூரி மாணவர்களுள் சிலர், இப்பேரண்டம் எப்படித் தொடங்கியது, பூமியைத் தவிர வேறு கோள்களில் உயிர்கள் வாழ இயலுமா என்று கேட்கின்றனர். கேட்பதற்கே தயங்குகின்றனர் என்பதுதான் நமக்கு வருத்தம். மார்க்கம் இக்கேள்விகளை வெறுக்கும் என யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சூரியனைப் போன்ற மற்றொரு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்று 1995ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அதற்குப் பின் இத்தகைய கோள்கள் ஐயாயிரத்திற்கும் மேல் உறுதிசெய்யப்பட்டுள்ளன. அவற்றுள் நீர் நீராகவே தங்கக்கூடிய வெப்பநிலை உள்ளவை எவை என்ற தேடல் நடைபெறுகிறது. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, அவற்றுள் சிலவற்றின் காற்று மண்டலத்தை ஆராய்கிறது. பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என இன்றைய வானியலார் கணித்துள்ளனர். கருவிகள் புதியவை; கேள்விகளோ பழையவை. தொலைநோக்கி எதுவும் இல்லாத காலத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, இரண்டு முஸ்லிம் அறிஞர்கள் இதே பொருளைப் பற்றிக் கடிதம் வழியே கடுமையாக வாதிட்டார்கள். அவ்விருவருள் ஒருவர் மருத்துவ மேதை இப்னு சீனா. மற்றவர்தான் நம் வரலாற்றின் நாயகர் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பிரூனி அவர்கள்.

அன்னார் ஹிஜ்ரி 362ஆம் ஆண்டு துல்ஹஜ் மாதம், அதாவது கி.பி. 973 செப்டம்பரில், குவாரிஸ்ம் நாட்டின் தலைநகராக விளங்கிய காத் நகரில் பிறந்தார்கள். ஆமூ நதிக்கரையில் அமைந்த அப்பகுதி இன்று உஸ்பெகிஸ்தானில் உள்ளது. அங்குள்ள ஊர் ஒன்று பிரூனி என்றே அவர்கள் பெயரால் அழைக்கப்படுகிறது. பாரசீக மொழியில் பிரூன் என்றால் வெளியே என்று பொருள். நகர மதிலுக்குப் புறத்தேயுள்ள பகுதியைச் சேர்ந்தவர் என்பதால் இப்பெயர் அமைந்தது என்பர். அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அபூ நஸ்ர் மன்ஸூர் இப்னு இராக் என்பார் இச்சிறுவரின் அறிவாற்றலைக் கண்டு அரவணைத்துக் கற்பித்தார். உஸ்தாதும் மாணவரும் பிற்காலத்தில் ஒருவர் பெயரில் மற்றவர் நூல் எழுதும் அளவுக்கு அந்த உறவு நீடித்தது.

இளமையிலேயே சூரியனின் உயரத்தை அளந்து காத் நகரின் அட்சரேகையைக் கணித்தார்கள். 22 வயதை நெருங்கிய நேரத்தில், 995இல், நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது. ஆதரித்த மன்னர் கொல்லப்பட்டார். அல்பிரூனி அவர்கள் ஊரைவிட்டுத் தப்பியோட நேர்ந்தது. ரை நகரில் வறுமையில் உழன்றபோது, செல்வச் செழிப்பிலிருந்த ஒருவர் அவர்களின் ஏழ்மையையே காரணமாக்கி, அவர்கள் சொன்ன கணிதக் கருத்தை இகழ்ந்தார். பின்னர் நிலைமை சீரடைந்ததும் அதே மனிதர் நட்புப் பாராட்டினார். இச்செய்தியை அன்னாரே தம் நூலில் பதிவுசெய்துள்ளார்கள். ஏழையின் சொல் அம்பலம் ஏறாது என்று நம்மவர் சொல்வது குவாரிஸ்முக்கும் பொருந்தியிருக்கிறது!

997ஆம் ஆண்டு மே 24 அன்று ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. பக்தாதிலிருந்த பெரும் கணித அறிஞர் அபுல் வஃபாவுடன் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, அவர் அங்கும் அல்பிரூனி அவர்கள் காத்திலும் இருந்து அதைக் கவனித்தார்கள். சந்திர கிரகணம் அதைக் காணும் எல்லோருக்கும் ஒரே கணத்தில்தான் நிகழும். ஆனால் அந்தந்த ஊரின் நேரம் வேறுபடும். இரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேறுபாடு இருக்கக் கண்டு, அதிலிருந்து தீர்க்கரேகையின் இடைவெளியைக் கணித்தார்கள். கைபேசி இல்லை, தந்தி இல்லை. ஆயினும் வானமே இருவருக்கும் பொதுக் கடிகாரமாயிற்று.

இதன் பின்னர் ஜுர்ஜான் மன்னர் காபூஸ் அவர்களின் அரசவையில் இடம் கிடைத்தது. அங்கேதான், கி.பி. 1000 வாக்கில், அல்ஆஸாருல் பாக்கியா என்னும் நூலை இயற்றினார்கள். யூதர், கிறிஸ்தவர், பாரசீகர், ஸாபியர், அரபியர் எனப் பல சமூகத்தாரின் நாட்காட்டிகளையும் பண்டிகைகளையும் விவரிக்கும் நூல் அது. ஆதம் (அலை) அவர்கள் காலம் முதல் கணக்கிட யூதரும் கிறிஸ்தவரும் கூறும் எண்கள், ஒன்றுக்கொன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வேறுபடுவதை அன்னார் எடுத்துக்காட்டினார்கள். உலகத்திற்குத் தொடக்கம் உண்டு என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. ஆனால் அது இத்தனை ஆண்டு என்று வெறும் செவிவழிச் செய்தியைக் கொண்டு முடிவு கட்டக் கூடாது என்பதே அவர்களின் நிலை.

இக்காலத்தை ஒட்டியே இப்னு சீனாவுடனான கடிதப் போக்குவரத்தும் நடந்தது. அல்பிரூனி அவர்கள் இருபதுகளில் இருந்தார்கள். இப்னு சீனாவோ இருபதையும் எட்டாத இளைஞர். பதினெட்டு வினாக்களை அல்பிரூனி அவர்கள் அனுப்பினார்கள். அவற்றுள் பத்து, கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் வானத்தைப் பற்றி எழுதிய நூலைக் குறித்தவை. எஞ்சிய எட்டு, இயற்கையைப் பற்றிய பொது வினாக்கள். அக்கால ஃபல்ஸஃபாவில் அரிஸ்டாட்டிலின் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்ற நிலை இருந்ததை நினைவிற்கொண்டு இதனை நோக்க வேண்டும்.

முதற்பெரும் வினா, வானம் மாறாதது, தொன்றுதொட்டே இப்படியே இருப்பது என்ற கொள்கையைப் பற்றியது. முன்னோர் பார்த்ததுபோலவே நாமும் பார்க்கிறோம் என்பதை அரிஸ்டாட்டில் அதற்குச் சான்றாகக் கொண்டிருந்தார். அல்பிரூனி அவர்கள் இதை ஏற்கவில்லை. மலைகளைப் பற்றியும் முன்னோர் இன்று இருப்பதுபோலவே கூறியிருக்கிறார்கள். அதனால் மலைகள் மாறவே இல்லை என்றாகிவிடுமா? மனித ஆயுளும் மனித நினைவும் குறுகியவை. மெல்ல நிகழும் மாற்றம் அதற்குள் அகப்படாது. இதுவே அவர்களின் வாதம். மதரஸாவில் அகாயித் பாடம் ஓதியவர்கள் இதன் ஆழத்தை அறிவார்கள். உலகம் கதீம் அல்ல, ஹாதிஸ், அதாவது இல்லாதிருந்து உண்டாக்கப்பட்டது என்று நாம் பாடம் படித்திருக்கிறோம். இப்னு சீனாவோ, இறைவனே உலகிற்கு மூலகாரணம் என்பதை ஏற்றுக்கொண்டு, எனினும் காலத்தால் அதற்குத் தொடக்கம் இல்லை என்றார். அல்பிரூனி அவர்கள் இவ்வாதத்தைக் கிறிஸ்தவ அறிஞர் யஹ்யா நஹ்வியிடமிருந்தோ, முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸியிடமிருந்தோ பெற்றிருக்க வேண்டும் எனச் சாடிய இப்னு சீனா, ராஸி தம் மருத்துவத்தோடு நின்றிருக்கலாம் என்ற பொருள்படவும் எழுதிவிட்டார்.

ஐந்தாம் வினா நமது தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. இவ்வுலகைத் தவிர வேறோர் உலகம் இருக்கவே முடியாது என்று அரிஸ்டாட்டில் சொன்னது ஏன்? நாம் அறியாத தன்மைகள் கொண்ட வேறு உலகம் ஏன் இருத்தல் கூடாது? பிறவிக் குருடராயிருப்பவர் பார்வை என்ற ஒன்றைப் பிறர் சொல்லிக் கேட்டிராவிட்டால், நிறம் என்பதே உண்டென அறியமாட்டார். அதுபோல, நமக்கு அறியும் புலன் அளிக்கப்படாத தன்மைகளோடு ஓர் உலகம் இருக்கலாம் அல்லவா என்று கேட்டார்கள். மண்ணுக்கும் நீருக்கும் இயல்பான இடம் ஒன்றே. மற்றோர் உலகின் மண்ணும் இங்குள்ள மையத்தையே நாடி வர வேண்டியிருக்கும். ஆகவே இரண்டாம் உலகம் கூடாது என இப்னு சீனா அரிஸ்டாட்டிலின் தரப்பில் நின்று பதிலளித்தார். இன்று நாம் அறிவோம், ஒவ்வொரு கோளும் தன் மையத்தை நோக்கித் தானே ஈர்க்கிறது. மறுப்பு வலிமையிழந்தது; கேள்வி நிலைத்தது. ஆயினும் அல்பிரூனி அவர்கள் வேற்றுலகில் உயிர்கள் உண்டு என்று சொல்லிவிட்டதாக நம் இளைஞர்கள் பரப்ப வேண்டாம். இருக்க முடியாது என்று கூறுவதற்குக் கொடுக்கப்பட்ட ஆதாரம் போதாது என்றுதான் அன்னார் சொன்னார்கள். இரண்டும் வேறு வேறு.

எஞ்சிய வினாக்களுள் பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது, நீர் நிறைந்த கண்ணாடிக் குடுவை உறைந்ததும் ஏன் உடைகிறது போன்றவை உண்டு. மற்றொன்று, பூமியின் வடபகுதியில் ஒரு கால்பங்கில் மட்டும் மக்கள் வாழ்வதாகக் கருதப்படுகிறதே, அதே வெப்பமும் அதே குளிரும் உள்ள மற்றப் பகுதிகள் ஏன் குடியேற்றமின்றி இருக்க வேண்டும் என்பது. வாழத்தக்க இடம் எது என்ற இன்றைய தேடலின் வித்து இதிலே இருக்கக் காண்கிறோம். அன்னார் அமெரிக்காவையே கண்டுபிடித்துவிட்டார்கள் என இதனைக் கொண்டு எழுதுவோரும் உள்ளனர். அவ்வளவு தூரம் செல்ல நமக்குத் துணிவில்லை. வாதம் சூடேறியது, அல்பிரூனி அவர்களின் மறுப்புக்கு இப்னு சீனா தாம் விடையளிக்காமல், தம் மாணவர் மஃஸூமியிடம் அப்பணியை ஒப்படைத்தார். ஆனால் ஒருவரையொருவர் காஃபிர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு பிறையைக் குறித்து இரண்டு பெருநாள் கொண்டாடி, ஸலாமும் சொல்லாமல் பிரிந்து நிற்கும் நம் ஊர்களுக்கு இச்செய்தி போய்ச் சேரட்டும்.

நாடு திரும்பி குர்கஞ்ச் அரசவையில் சில ஆண்டுகள் மதிப்போடு இருந்தார்கள். 1017இல் சுல்தான் மஹ்மூது கஸ்னவி குவாரிஸ்மை வென்று, அறிஞர்களையும் தம்மோடு கஸ்னாவுக்குக் கொண்டுசென்றார். அல்பிரூனி அவர்கள் ஏறத்தாழ ஒரு கைதியைப் போலவே சென்றார்கள். மறு ஆண்டு அக்டோபரில் காபூல் அருகே ஒரு சிற்றூரில், கருவி எதுவும் கையில் இல்லாத நிலையில், கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் வட்டத்தின் பாகைகளைக் கீறி, அதையே கருவியாக்கிச் சூரியனை அளந்தார்கள். மனம் நொந்திருந்த நாட்கள் அவை என அன்னாரே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அளவு நிற்கவில்லை.

கஸ்னாவின் கிப்லாவைத் துல்லியமாக அறிவதே 1025இல் முடிவுற்ற தஹ்தீது என்னும் நூலின் நோக்கம். ஒரு மஸ்ஜிதின் மிஹ்ராபு எத்திசை நோக்க வேண்டும் என்ற வினாவுக்காக, பக்தாது முதல் கஸ்னா வரை நகரங்களுக்கிடையேயான தொலைவையும் அட்சரேகையையும் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார்கள். அந்நூலின் இடையே பூமியின் பழமையைப் பற்றிய அரிய பகுதி ஒன்று வருகிறது. அரபுப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது; கிணறும் குளமும் தோண்டும்போது அடுக்கடுக்காக மண்ணும் மணலும் கூழாங்கற்களும் சிப்பிகளும் வெளிப்படுகின்றன; கல்லை உடைத்தால் உள்ளே சிப்பி இருக்கிறது. இவை உருவாக எண்ணற்ற காலம் சென்றிருக்க வேண்டும் என்றார்கள். மலைகளும் மாறும் என்று இளமையில் இப்னு சீனாவுக்கு எழுதியதன் சான்று இது எனலாம்.

பூமியின் சுற்றளவை அளந்ததும் இக்காலத்தில்தான். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் நந்தனா என்னும் கோட்டையருகே, பரந்த சமவெளியை நோக்கிய மலை ஒன்று உண்டு. முதலில் அம்மலையின் உயரத்தைக் கோணங்களால் கணித்தார்கள். 652 முழத்திற்குச் சற்று அதிகம் வந்தது. பின்னர் உச்சியில் ஏறி, தொடுவானம் கிடைமட்டத்திற்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று பார்த்தார்கள். 34 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சற்று மேல். இவ்விரு எண்களைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கண்டுவிட்டார்கள். பாலைவனத்தில் காதக்கணக்கில் நடந்து அளந்த பழைய முறைக்கு ஒரு மலையும் ஒரு மனிதரும் ஈடாயினர். இன்றைய அளவுக்கு மிக அருகில் வந்தது என்பர்; அக்கால முழத்தின் நீளம் உறுதியாகத் தெரியாததால் எவ்வளவு அருகில் என்று சொல்வதற்கில்லை. முறையின் அழகுக்கு அதனால் குறைவில்லை.

வடதுருவத்தை நோக்கிப் பயணம் செய்த ஒரு துருக்கியத் தூதர் சுல்தான் மஹ்மூதின் அவைக்கு வந்து, கடலுக்கு அப்பால் சூரியன் மறையாமல் சுற்றிவரும் நாட்டைக் கண்டேன் என்றார். இரவே இல்லையென்றால் தொழுகை நேரங்கள் என்னாவது? சுல்தான் கடுங்கோபம் கொண்டு அவரை வழிகெட்டவர் என எண்ணினார். அவையிலிருந்த அபூ நஸ்ர் மிஷ்கான், இவர் தம் கருத்தைச் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொல்கிறார் என்று கூறி, கஹ்ஃப் அத்தியாயத்தில் வரும் துல்கர்னைன் வரலாற்றை நினைவூட்டினார். அதன் பின் அல்பிரூனி அவர்கள் பூமி உருண்டை என்பதிலிருந்து தொடங்கி இதை விளக்கினார்கள். நம் பிள்ளைகள் பலர் இன்று வட ஐரோப்பிய நாடுகளில் பணிபுரிகின்றனர். கோடைக்கால இஷாவைப் பற்றி அங்கிருந்து தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் அந்தத் தூதரை நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதைப் போன்றே மற்றொரு நிகழ்ச்சி. தொழுகை நேரத்தை நிழலால் காட்டும் கருவி ஒன்றை, அதில் ரோமர்களின் மாதப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன என்ற காரணத்தால் மார்க்கப் பற்றுள்ள ஒருவர் ஏற்க மறுத்தார். ரோமர்களும்தாம் உணவு உண்கிறார்கள், கடைவீதியில் நடக்கிறார்கள்; அவற்றையும் விட்டுவிட வேண்டியதுதானே என்ற கருத்தில் அன்னார் பதில் கூறினார்கள். சூரிய நாட்காட்டியை ஒட்டிக் கணித்த தொழுகை நேர அட்டவணை தொங்காத பள்ளிவாசல் இன்று நம் பகுதியில் உண்டா?

மஹ்மூதின் படையெடுப்புகளை ஒட்டி அன்னார் இந்தியப் பகுதிகளில் தங்கி, ஸமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களிடம் அமர்ந்து பாடம் கேட்டார்கள். அதன் கனிதான் 1030இல் நிறைவுற்ற, 80 அத்தியாயங்கள் கொண்ட கிதாபுல் ஹிந்து. சுல்தானின் படையெடுப்புகள் அந்நாட்டின் செழிப்பை அழித்தன, அதனாலேயே அம்மக்கள் உள்ளத்தில் முஸ்லிம்கள்மீது வெறுப்பு வேரூன்றியது, அறிஞர்கள் தொலைதூர நகரங்களுக்கு ஒதுங்கினர் என்பதை ஒளிக்காமல் எழுதினார்கள். கஸ்னாவில் வாழ்ந்துகொண்டு இதை எழுதியதுதான் கருதத்தக்கது. படைப்பின் காலத்தைப் பற்றி இந்தியர் கூறும் கல்பக் கணக்கையும், அதாவது 432 கோடி ஆண்டுகள், விரிவாகப் பதிவுசெய்தார்கள். ஏற்கவில்லை, எள்ளி நகையாடாமல், அவர்கள் சொல்வது இன்னது என்று முழுமையாக எடுத்துவைத்த பின்னரே ஆராய்ந்தார்கள். இந்திய வானியலார் பூமத்தியரேகையில் இருப்பதாகக் கொண்டு தீர்க்கரேகை கணக்கிட்ட இலங்கையைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே உண்டு. கங்கைச் சமவெளியில் மலையருகே பெரிய கற்களும், தொலைவில் சிறு கற்களும், முகத்துவாரத்தில் மணலுமாக இருப்பதைக் கண்டு, அச்சமவெளியே ஒரு காலத்தில் கடலாயிருந்து வண்டலால் நிரம்பியது என முடிவு செய்தார்கள்.

மஹ்மூதின் மகன் மஸ்ஊத் காலத்தில் நிம்மதி கிடைத்தது. அவருக்கு அர்ப்பணித்த அல்கானூனுல் மஸ்ஊதி பதினொரு பகுதிகள் கொண்ட வானியல் களஞ்சியம். இதற்காக யானைச் சுமை வெள்ளி அனுப்பப்பட்டதாகவும், தேவையில்லை என்று திருப்பிவிட்டதாகவும் வரலாற்றாசிரியர் யாகூத் குறிப்பிடுகிறார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை இயற்றிய அன்னாரின் பெயர் நிலவின் மறுபக்கத்திலுள்ள ஒரு பள்ளத்திற்கு இன்று சூட்டப்பட்டிருக்கிறது. இறுதி நாட்களில் பார்வையும் கேள்வியும் மங்கிய நிலையில், மருந்துப் பொருட்களைப் பற்றிய ஸைதனா என்னும் நூலில் ஈடுபட்டிருந்தார்கள்.

ஹிஜ்ரி 440, கி.பி. 1048இல் கஸ்னாவில் வஃபாத்தானார்கள் என்பது வழக்கமாகக் கூறப்படுவது. இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கலாம் என்போரும் உளர். மரணத் தறுவாயில் ஃபகீஹ் அபுல் ஹஸன் வல்வாலிஜி பார்க்கச் சென்றார். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நிலையிலும், முன்பு ஒரு நாள் ஃபராயிளில் தாயின் தந்தையைப் பெற்ற பாட்டி போன்றோரின் பாகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது என்ன என்று கேட்டார்கள். இந்த நேரத்திலா என்று அவர் இரக்கத்துடன் வினவ, அறியாமல் உலகைப் பிரிவதைவிட அறிந்து பிரிவது மேல் அல்லவா என்றார்கள். அவர் சட்டத்தை மீண்டும் எடுத்துரைத்தார். அன்னார் அதை மனனம் செய்து ஒப்பித்தார்கள். விடைபெற்று வெளியே வந்த ஃபகீஹ், வழியிலேயே அவ்வீட்டிலிருந்து எழுந்த அழுகுரலைக் கேட்டார்.